அவுருஞ்சி மலையில ஆறு நாள்

நாள் 1: ரோம், காசினோ

காலைல லியோன்ல ஃபிளைட் ஏறி ரோம்ல இறங்கி, தெர்மினி ஸ்டேஷன்ல ரெண்டு சாண்ட்விச்ச வாங்கிக்கிட்டு காசினோ போற ரீஜனல் ட்ரெயின்ல ஏறி உக்காந்தப்புறம்தான் அக்கா கேட்டா, "வெனிஸ் போலாம்னு சொன்னியே, இது எங்கடி போவுது?"ன்னு. அவ பாண்டிச்சேரியில இருந்து வந்து ரெண்டு வாரம்தான் ஆவுது, முதல் தடவையா ஐரோப்பா வந்தவள நேரா ஒரு போர்க்களத்துக்குக் கூட்டிட்டுப் போறேனேன்னு எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா அவ இல்லாம இந்த ஊருக்கு நான் வர விரும்பல. காரணம் எங்க பெரியப்பா.

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், மத்தவங்களுக்காக எழுதறேன். பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆனவங்கள எங்க ஊர்ல சொல்தான்னு சொல்வோம். எங்க பெரியப்பா சொல்தா. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்புறம் சேர்ந்து இந்தோசீனா போருக்குப் போய், அங்கிருந்து அல்ஜீரியா போருக்குப் போய், திரும்பி வந்து சாவுற வரைக்கும் பிரான்ஸ் பென்ஷன் வாங்கினவர். ஜூலை 14 வந்தா மெடல் எல்லாம் துடைச்சு கோட்டுல குத்திக்கிட்டு பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார், நானும் அக்காவும் அவர் கையப் பிடிச்சிக்கிட்டுப் போவோம்.

அவர் எங்களுக்குத் திரும்பத் திரும்ப சொன்ன ஒரு கதை உண்டு. அவரோட ரெஜிமெண்டுல ஒரு மொரோக்கோ சர்ஜான், அதாவது சார்ஜெண்ட், இருந்தாராம், அவர் மார்ல இத்தாலி மெடல் தொங்குமாம். "கோவேறு கழுதைய ஓட்டிக்கிட்டு ராவோட ராவா மலையேறிப் போனான், ஜெர்மன்காரன் இந்தப் பக்கம் எவனும் வர முடியாதுன்னு படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தான், விடியும்போது இவன் அவன் தலைக்கு மேல நிக்கிறான்!" இத சொல்லும்போது பெரியப்பா கண்ணு பளபளன்னு இருக்கும். நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்துக்கிட்டுக் கேப்போம்.

அந்தக் கதைக்கு மறுபாதி இருக்குன்னு நான் பிரான்ஸ் வந்து பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். அந்த மலைக்கு அந்தப் பக்கம் ஊருங்க இருந்துச்சு, ஊர்ல பொம்பளைங்க இருந்தாங்க, மலைய இறங்கின அந்தப் படை அவங்கள சீரழிச்சுது. அக்காகிட்ட இன்னைக்கு ட்ரெயின்லதான் முழுசா சொன்னேன். அவ ஒண்ணும் பேசல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

காசினோ ஊர் பூரா புதுசு. 1944ல ஒரு வீடு மிச்சமில்லாம இடிஞ்சு போய் மறுபடி கட்டின ஊர். தலைக்கு மேல மலையில மோந்தே காசினோங்கற கிறிஸ்தவத் துறவிங்க மடம் நிக்குது, அதுவும் திருப்பிக் கட்டினதுதான், 1944 பிப்ரவரி 15ந்தேதி குண்டு போட்டு நொறுக்கினாங்க. ரூம்ல இருந்து பாத்தா ராத்திரி லைட்டு போட்டுத் தெரியுது. சீக்கிரம் படுக்கணும்.

நாள் 2: ரெண்டு கல்லறைத் தோட்டம்

காலைல ஒரு சின்ன கார் வாடகைக்கு எடுத்தோம். முதல்ல காசினோ காமன்வெல்த் கல்லறைத் தோட்டம், நாலாயிரத்துக்கு மேல கல்லறை. நடுவுல பச்சை சலவைக்கல் தூண் வரிசையா நிக்குது, கல்லறை கிடைக்காத இன்னும் நாலாயிரத்து சொச்சம் பேரோட பேர அதுல வெட்டியிருக்காங்க, அதுல இந்திய ராணுவத்துக்காரங்களும் இருக்காங்க. காசினோவுல சண்டை போட்ட நாலாவது இந்திய டிவிஷனோட மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனியும் (ரோடு, பாலம் போடற ராணுவப் பிரிவு) வந்துச்சு, நம்ம பக்கத்து ஆளுங்க, குண்டு விழ விழ மலைமேல ரோடு வெட்டின டிவிஷன் அது. அக்கா தூண் தூணாப் போய் படிச்சிக்கிட்டே இருந்தா, நான் நடுவுல கூப்பிடல.

அங்கிருந்து அரை மணி நேரம் கார்ல போனா வெனாஃப்ரோ. பிரெஞ்சுக்காரங்களோட கல்லறைத் தோட்டம் அங்கதான். இங்கயும் நாலாயிரத்துக்கு மேல. வாசல்ல நின்னு பாத்தா முதல்ல கண்ணுல படுறது சிலுவை இல்ல, மேல வளைவா செதுக்கி பிறை போட்ட கல்லுங்க, வரிசைக்குப் பின்னால வரிசை, மலையடிவாரம் வரைக்கும். முக்காவாசி முஸ்லிம் கல்லறை மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. ஒவ்வொண்ணுலயும் பிரான்சுக்காக உயிர் விட்டவர்னு பிரெஞ்சுல எழுதியிருக்கு.

இவங்க யாருன்னு கொஞ்சம் சொல்லணும். 1940ல பிரான்ஸ் ஜெர்மனிகிட்ட தோத்துப்போச்சு. அப்புறம் 1942 கடைசியில வட ஆப்பிரிக்கா நேச நாடுகள் கைக்கு வந்ததும் அங்க இருந்த பிரெஞ்சு ராணுவத்த அமெரிக்கா துணிமணி துப்பாக்கி எல்லாம் குடுத்துத் தேத்தி இத்தாலிக்கு அனுப்புச்சு. ஜெனரல் அல்ஃபோன்ஸ் ஜுவேன் தலைமையில சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர். அதுல பாதிக்கு மேல மொரோக்கோ, அல்ஜீரியா, துனிசியாவுல இருந்து வந்த முஸ்லிம் ஆளுங்க, அதிகாரிங்க பெரும்பாலும் பிரெஞ்சுக்காரங்க. கூமியேன்னு ஒரு வகை உண்டு, அவங்க ரெகுலர் ராணுவம் கிடையாது. மொரோக்கோ அட்லஸ் மலை பெர்பர் இனத்துக்காரங்கள ஊர் ஊரா சேத்து, இருநூறு பேருக்கு ஒரு கூம்னு வெச்சு, மூணு நாலு கூம் சேந்தா ஒரு தாபோர்னு பேர் வெச்சு, மேல ரெண்டு மூணு பிரெஞ்சு அதிகாரிய போட்டுட்டாங்க. கோடு போட்ட கம்பளி அங்கி, இடுப்புல வளைஞ்ச கத்தி, கூட கோவேறு கழுதை. இவங்களுக்கு தலைவர் ஜெனரல் கியோம்.

இதுல ஒரு விஷயம் எனக்கு மனசுல நிக்குது. அந்த அட்லஸ் மலைய பிரான்ஸ் முழுசாப் பிடிச்சது 1934லதான். அதாவது இத்தாலிக்கு வந்த ஒரு முப்பது வயசு கூமியே தன்னோட இருபது வயசுல அதே பிரெஞ்சு ராணுவம் தன் ஊருக்குள்ள துப்பாக்கியோட நுழைஞ்சத கண்ணால பாத்திருப்பான். பத்து வருஷத்துல அவன் கையிலயே துப்பாக்கிய குடுத்து வேற ஒருத்தன் ஊருக்குள்ள அனுப்பிட்டாங்க.

அக்கா கேட்டா, "பெரியப்பாவுக்கு பென்ஷன் ஒழுங்கா வந்துச்சே, இவங்களுக்கும் வந்துச்சா?" வரல. 1959ல பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு, சுதந்திரம் வாங்கின நாட்டுக்காரங்களோட பென்ஷன அப்படியே உறைய வெச்சிடுச்சு. விலைவாசி ஏறிக்கிட்டே போவுது, பென்ஷன் மட்டும் பழைய தொகையிலயே நிக்குது. 2007லதான் சரிசமமா குடுக்க ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள எத்தனை பேர் உயிரோட இருந்திருப்பாங்க? பெரியப்பா பிரெஞ்சு குடியுரிமை வெச்சிருந்ததால அவர் தப்பிச்சார். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த அந்த சர்ஜான் தப்பிச்சிருக்க மாட்டார்.

பேர் தெரியாதவர்னு மட்டும் எழுதின ஒரு கல்லு முன்னால அக்கா செருப்பக் கழட்டிட்டு நின்னா. நானும் கழட்டினேன். நாளைக்கும் நாளன்னைக்கும் நாங்க பாக்கப் போற ஊருங்களுக்கு இவங்கள்ல யாரோ ஒருத்தன் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். கல்ல பாத்து எப்படித் தெரிஞ்சிக்கிறது.

நாள் 3: கரில்யானோ ஆறு, அவுசோனியா

இன்னைக்கு பூரா மலைய பாத்ததுதான். பெரியப்பா கதையோட முதல் பாதி.

ஜெர்மன்காரன் குஸ்தாவ் கோடுன்னு ஒரு தடுப்பு அரண் போட்டு இத்தாலிய குறுக்கால அடைச்சிட்டான். காசினோ அதுக்கு பூட்டு மாதிரி. அமெரிக்காக்காரன், இங்கிலீஷ்காரன், நியூசிலாந்துக்காரன், நம்ம ஆளுங்க எல்லாரும் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் மோதி மோதிப் பாத்து முடியல. ஜனவரி கடைசியில வடக்குப் பக்கம் பெல்வெதேரே மலையில துனிசிய ரெஜிமெண்ட் ஒண்ணு ஏறிப் பிடிச்சு கொத்துக் கொத்தா செத்தாங்க, அப்பவும் பூட்டு தொறக்கல. அப்புறம் ஜுவேன் சொன்ன யோசனை என்னன்னா, ரோடு இருக்கற பள்ளத்தாக்க விட்டுட்டு ரோடே இல்லாத அவுருஞ்சி மலை வழியா போவோம்னு. அங்க டாங்கி போகாது லாரி போகாதுன்னு ஜெர்மன்காரன் ஆள குறைச்சலாத்தான் வெச்சிருந்தான்.

மே 11 ராத்திரி 11 மணிக்கு பீரங்கி ஆரம்பிச்சுது. மே 13ல மாயோ மலை உச்சிய பிடிச்சு, ரொம்ப தூரத்துல இருந்தே தெரியற மாதிரி ஒரு பெரிய பிரெஞ்சுக் கொடிய ஏத்தினாங்க. அப்புறம் கூமியேங்களும் மொரோக்கோ மலை டிவிஷனும் பெத்ரெல்லா மலைய ஏறிட்டாங்க, அது 1,533 மீட்டர். நாங்க கார நிறுத்திட்டு அந்த சரிவ பாத்தோம். மரம்னு பேருக்கு கொஞ்சம், மீதி எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கத்தி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது, நடுவுல மஞ்சப் பூ பூத்த புதர். பகல்ல செருப்போட அம்பது அடி ஏறறதுக்குள்ள எனக்கு முட்டி வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. இதுல ராத்திரியில, தண்ணியும் குண்டும் கழுதைமேல ஏத்திக்கிட்டு, மேல இருந்து மெஷின்கன் அடிக்க அடிக்க ஏறியிருக்காங்க. மே 18ல போலந்துக்காரங்க மடத்துக்குள்ள நுழைஞ்சாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, அதுக்கு முதல் நாளே இவங்க எஸ்பெரியாவுல இருந்தாங்க. ரோமுக்கு வழி தொறந்தது இவங்களாலதான்னு சொன்னா மிகையே இல்ல. இத்தாலியில இந்தப் படையில மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல செத்திருக்காங்க. பெரியப்பா பொய் சொல்லல, அத இங்க எழுதி வெச்சிடறேன்.

அவுசோனியாவுல மதியம் சாப்பிட்டோம். பயறு போட்ட பாஸ்தா, நம்ம வீட்டு மொச்சக் குழம்பு வாசனை மாதிரி இருந்துச்சுன்னு அக்கா ரெண்டு தடவை வாங்கினா.

நாள் 4: எஸ்பெரியா

இத எழுத ராத்திரி ஒரு மணி ஆயிடுச்சு. தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க.

எஸ்பெரியா மலைமேல அடுக்கடுக்கா இருக்கற ஊர். மேல இடிஞ்ச கோட்டை, கீழ ஓட்டு வீடுங்க, சந்து சந்தா படிக்கட்டு. கார கீழயே விட்டுட்டு நடந்தோம். ஒரு காபிக் கடை வாசல்ல உக்காந்து நானும் அக்காவும் தமிழ்ல பேசிக்கிட்டு இருந்தோம், நடுவுல கடைக்காரர்கிட்ட நான் பிரெஞ்சு வாடையோட இத்தாலியன்ல ஏதோ கேட்டேன். பக்கத்து பெஞ்சுல ஒரு பாட்டி, தொண்ணூறு வயசு இருக்கும், கறுப்பு உடுப்பு, எங்கள ரொம்ப நேரமா பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் பிரெஞ்சுல கேட்டாங்க, "நீங்க மொரோக்கோவா?"

கேட்ட விதம்தான். கோவம் இல்ல. ஆனா மடியில இருந்த ரெண்டு கையும் ஒண்ண ஒண்ணு பிடிச்சிக்கிச்சு. இல்ல மதாம், இந்தியா, இப்ப லியோன்ல இருக்கேன்னு சொன்னேன். லியோன்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு. கல்யாணம் ஆன புதுசுல வீட்டுக்காரரோட லியோன் பக்கம் போய் துணி ஃபேக்டரியில 11 வருஷம் வேலை பாத்தவங்களாம், இந்தப் பக்கத்துக்காரங்க நிறைய பேர் பிரான்சுக்குப் பொழைக்கப் போனவங்கதான். எந்தத் தெரு, எந்த மார்க்கெட்டுன்னு பேச்சு ஆரம்பிச்சு கடைசியில வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு நான் மறைக்கல, அக்காதான் முதல்ல சொல்லுன்னா. சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்ப வாங்க, அது உள்ள உக்காந்து பேசற விஷயம்"னாங்க.

அவங்க பேரோ வீடு இருக்கற இடமோ எழுதப் போறதில்ல. அவங்க சொன்னது:

அப்ப அவங்களுக்கு ஒம்போது வயசு. 1943 செப்டம்பர்ல இருந்தே ஊர்ல ஜெர்மன்காரன். ஆம்பளைங்கள வேலைக்குப் பிடிச்சிக்கிட்டுப் போறான், ஆடு மாட்டப் பிடிச்சிக்கிட்டுப் போறான், மேல இருந்து நேச நாட்டுக்காரன் குண்டு போடறான். ஊரே மலையேறிப் போய் ஆட்டுக்காரங்க குடிசையிலயும் குகையிலயும் மாசக்கணக்கா கிடந்துச்சு. காட்டுக்கீரைய வேக வெச்சு உப்பு இல்லாம தின்னாங்களாம், உப்பு தங்கம் மாதிரி ஆயிடுச்சாம். எப்படா இங்கிலீஷ்காரனோ அமெரிக்காக்காரனோ வருவான்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. மே மாசம் ஒரு நாள் காலைல கோடு போட்ட அங்கியோட ஆளுங்க மேல இருந்து இறங்கினப்ப அவங்க அப்பா வெள்ளைத் துணிய ஆட்டிக்கிட்டு எதிர்ல போனாராம், விடுதலை வந்துடுச்சுன்னு.

அப்பாவ துப்பாக்கிக் கட்டையால அடிச்சுக் கீழ தள்ளினாங்க. அத்தை, அப்பாவோட தங்கச்சி, இருபத்தி ரெண்டு வயசு, இவங்கள பிடிச்சு மூலையில இருந்த புல்லுக்கட்டுக்கு அடியில திணிச்சு மேல இன்னொரு கட்டப் போட்டு மூடினா. மூடிட்டு அத்தை ஓடல. ஓடினா அந்தப் புல்லுக்கட்ட யாராச்சும் காலால தட்டிப் பாப்பான்னு அங்கேயே நின்னா.

பாட்டி எங்களுக்கு அந்தப் புல்லக் காட்டினாங்க. ஸ்த்ராம்மான்னு பேர், இந்த மலை பூரா வளருது, நீளமா, நாணல் மாதிரி, ஓரம் கைய அறுக்கும். அத நனைச்சு அடிச்சுத் திரிச்சா கயிறு, பின்னினா கூடை. அடுப்பு பக்கத்துல அப்படி ஒரு கூடை தொங்குச்சு, அடிப்பாகம் தேஞ்சு கறுத்துப் போய், கைப்பிடி மட்டும் புதுசா மாத்தி. "அத்தை பின்னினது. அந்த வாசனைய எனக்குத் தாங்க முடியாது. அத்தை சாவுற வரைக்கும் பின்னிக்கிட்டே இருந்தா. ஒரு நாளும் நான் பக்கத்துல உக்காந்ததில்ல."

எத்தனை பேர், எவ்வளவு நேரம்னு அவங்க சொல்லல, நாங்களும் கேக்கல. ஒண்ணு மட்டும் சொன்னாங்க. புல்லு இடுக்கு வழியா வாசல் தெரிஞ்சுதாம். வெளியில கழுதைமேல ஒரு பிரெஞ்சு அதிகாரி, தொப்பி வெச்ச வெள்ளைக்காரர், குடிசைய பாத்தார். அத்தை கத்தறது அவருக்குக் கேக்காம இருக்க முடியாது. முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு கழுதைய ஓட்டிக்கிட்டுப் போயிட்டார். "மத்த முகம் ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல. அவர் முகம் இப்ப காட்டினாலும் சொல்லிடுவேன்"னாங்க.

அப்புறம் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவ எடுத்துக்கிட்டு வந்தாங்க. உள்ள நாலா மடிச்ச காகிதம். அத்தை நஷ்ட ஈடுக்குக் குடுத்த மனுவோட நகல். மடிப்பு எல்லாம் கிழிஞ்சு பின்னால டேப் ஒட்டியிருக்கு. டைப் அடிச்ச எழுத்து, டாக்டர் முத்திரை, கீழ கையெழுத்து போடற இடத்துல ஒரு சிலுவைக் குறி. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேனாவ அவ்வளவு அழுத்தியிருக்கா, அந்த சிலுவையோட ஒரு கோடு முடியற இடத்துல காகிதம் ஓட்டையாப் போயிருக்கு. அக்கா அந்த ஓட்டைமேல விரல வெச்சுப் பாத்துட்டு சட்டுன்னு எடுத்துக்கிட்டா.

அந்த மனுவுக்காக அத்தை எல்லா விவரத்தையும் ஒரு ஆம்பள குமாஸ்தாகிட்ட உக்காந்து சொல்லணும். சொன்னா. சொன்னதுக்கப்புறம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பேசி வெச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரவே இல்ல. அதுக்கப்புறம் அவளுக்குப் பேரே மாறிடுச்சாம், மரோக்கினாத்தா. மொரோக்கோக்காரன் கெடுத்தவள்னு அர்த்தம். தண்ணிக்குப் போனா, சர்ச்சுக்குப் போனா, முதுகுக்குப் பின்னால அந்த வார்த்தை.

எனக்கு இந்த வார்த்தையே பொறுக்கல. நடந்ததுக்கு இத்தாலியில இன்னைக்கும் அதுதான் பேர், மரோக்கினாத்தேன்னு பன்மையில சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்தப் பேருல யார் இருக்காங்க? மொரோக்கோக்காரன் இருக்கான், அவன் இருக்க வேண்டியதுதான், செஞ்சவன் அவன். கெட்டவள்னு அந்தப் பொண்ணு இருக்கா, அவ ஏன் அதுல இருக்கணும்? அல்ஜீரியாக்காரன், துனிசியாக்காரன் எல்லாரையும் சேத்து மரோக்கினின்னு ஒரே பேர்ல அடக்கிட்டாங்க. ஆனா அவனுக்கு அங்கி குடுத்து, துப்பாக்கி குடுத்து, மலையேத்தி, கழுதைமேல உக்காந்து முகத்தத் திருப்பிக்கிட்ட அந்த நாடு, நான் பாஸ்போர்ட் வெச்சிருக்கற நாடு, அந்தப் பேருல எங்கயுமே இல்ல.

கிளம்பும்போது பாட்டி இன்னொண்ணு சொன்னாங்க. லியோன்ல மாடியில ஒரு மொரோக்கோக் குடும்பம் குடியிருந்துச்சாம். முதல் ஒரு வருஷம் படிக்கட்டுல காலடி கேட்டாலே கதவத் தாழ்ப்பாள் போட்டுக்குவாங்களாம். அந்த வீட்டம்மா நோன்புக்கு செஞ்ச சூப்ப சட்டியோட கொண்டாந்து வாசல்ல வெச்சிட்டுப் போவாங்களாம், இவங்க கொட்டிடுவாங்களாம். ரெண்டாவது வருஷம் இவங்களுக்குப் பிரசவம் ஆனப்ப பத்து நாள் வந்து குளிப்பாட்டி சமைச்சுப் போட்டது அந்தம்மாதான். "அவகிட்ட நான் சொல்லவே இல்ல. அவ அப்பாவும் போருக்குப் போனவர்னு ஒரு நாள் சொன்னா. எந்தப் போருன்னு நான் கேக்கல."

அக்கா குனிஞ்சு பாட்டி கையப் பிடிச்சிக்கிட்டு தமிழ்லயே "வரோம்மா"ன்னா. அவங்களுக்குப் புரிஞ்சுது. ஒரு சின்ன ஸ்த்ராம்மா கூடையில செர்ரிப் பழம் போட்டுக் குடுத்தாங்க, இது கடையில வாங்கின கூடை, அத்தையோடது இல்லன்னு சொல்லிட்டுத்தான் குடுத்தாங்க.

நாள் 5: காசினோவுல மழை

வெளிய போகல. நேத்து எழுதினதுக்கு எவ்வளவு பேர், யாருக்காச்சும் தண்டனை கிடைச்சுதா, ஜெனரலே படைக்கு 50 மணி நேரம் என்ன வேணும்னாலும் செஞ்சுக்க அனுமதி குடுத்தாராமேன்னு நீங்க எல்லாம் கேட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன்.

எண்ணிக்கையில யாருக்கும் ஒத்த கருத்து இல்ல, சில ஆயிரம்னு சொல்றவங்களும் உண்டு, பல பத்தாயிரம்னு சொல்றவங்களும் உண்டு. எஸ்பெரியாவுல மட்டும் 2,500 பேர் இருந்த ஊர்ல 700 பொம்பளைங்கன்னு அப்போதைய மேயர் சொன்னதாப் பதிவு இருக்கு. வெளியில சொல்லாதவங்கள யார் எண்ணினா? கெழவி, சின்னப் பொண்ணுன்னு பாக்கல, சில இடத்துல ஆம்பளைங்களையும் விடல, தடுக்கப் போனவங்கள கொன்னிருக்காங்க. எஸ்பெரியா, அவுசோனியா, பிக்கோ, லெனோலா, காஸ்த்ரோ தேய் வோல்ஷின்னு படை போன பாதையிலயே இதுவும் போயிருக்கு, ரோமுக்கு வடக்கயும் நிக்கல, ஜூன்ல எல்பா தீவுலயும் நடந்துச்சு.

50 மணி நேரம்னு ஒரு துண்டறிக்கை படைக்குக் குடுத்தாங்கன்னு இந்தப் பக்கம் எல்லாரும் நம்பறாங்க. அந்த அறிக்கையோட மூலம் எந்த ஆவணக் காப்பகத்துலயும் கிடைக்கல, ஆராய்ச்சியாளருங்க அத ஏத்துக்கறது இல்ல. எனக்கு அந்தக் காகிதம் இருந்துச்சா இல்லையாங்கறது பெரிய விஷயமாத் தெரியல. மே கடைசி வாரத்துலேயே ஜுவேன் ஒழுக்கமா நடந்துக்கணும்னு தன் படைக்குச் சுற்றறிக்கை விட்டார். அப்படின்னா மேல தெரிஞ்சிருக்கு. பிரெஞ்சு ராணுவ நீதிமன்றம் இருநூறு சொச்சம் பேர பாலியல் குற்றத்துக்கு விசாரிச்சுது, பெரும்பாலானவங்களுக்குத் தண்டனை குடுத்துது, கையும் களவுமாப் பிடிபட்ட சிலர சுட்டுக் கொன்னுச்சு. சுடப்பட்டவன் மலைக்காரன். முகத்தத் திருப்பிக்கிட்ட அதிகாரி மேல என்ன நடவடிக்கை? ஜூலை மாசம் அந்தப் படைய இத்தாலியில இருந்து எடுத்து ஆகஸ்டுல தென் பிரான்ஸ்ல இறக்கினாங்க, மார்சேய் நகரத்த மீட்டதுல கூமியேங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜுவேன் பின்னால பிரான்சோட மார்ஷல் ஆனார்.

இத்தாலியிலயும் அந்தப் பொம்பளைங்களுக்காகப் பேச ஆள் சுலபமாக் கிடைக்கல. 1951ல பொந்தேகோர்வோ ஊர்ல அவங்க நூத்துக்கணக்குல கூடி எங்க மனு என்னாச்சுன்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் ஏப்ரல் 7ந்தேதி மரியா மத்தலேனா ரோஸ்ஸிங்கற கம்யூனிஸ்ட் எம்பி அத நாடாளுமன்றத்துக்குக் கொண்டு போனாங்க. இத்தாலியோட அரசியல் சட்டத்த எழுதின சபையில இருந்த 21 பெண்கள்ல ஒருத்தர் அவங்க. அவங்க கேட்டது ரொம்ப எளிமையான விஷயம்: இந்தப் பெண்களுக்கு வைத்தியம், பென்ஷன், மரியாதை. இன்னைக்கு இந்த விஷயத்த வேற ஒரு கூட்டம் கையில எடுத்திருக்கு, கறுப்புத் தோல் எல்லாம் ஆபத்துன்னு போஸ்டர் அடிக்க. அத்தைக்கு உயிரோட இருந்தப்ப ஒரு வாய் சூப்பு கொண்டாந்து குடுக்காத கூட்டம்.

அக்கா நாள் பூரா செர்ரிக் கொட்டைய ஒண்ணு ஒண்ணா துடைச்சு கர்ச்சீப்புல முடிஞ்சு வெச்சிருக்கா. பாண்டிச்சேரி வெயில்ல முளைக்காதுன்னு சொன்னேன். தெரியும்ன்னா.

நாள் 6: காஸ்த்ரோ தேய் வோல்ஷி, திரும்பல்

கடைசி நாள். காஸ்த்ரோ தேய் வோல்ஷியில மம்மா சோச்சாராங்கற சிலைய பாக்கப் போனோம், 1964ல வெச்சது. இந்தப் பக்கத்து ஜனங்க ஒரே தோல்ல செஞ்சு வார முழங்கால் வரைக்கும் குறுக்கும் நெடுக்குமா சுத்திக் கட்டற செருப்பு போடுவாங்க, சோச்சேன்னு பேர், அதுலதான் இந்தப் பகுதிக்கே சோச்சாரியான்னு பேர் வந்துச்சு. சிலையில ஒரு அம்மா தன் பொண்ண விடாம அணைச்சுப் பிடிச்சிருக்கா. கீழ பள்ளத்தாக்கு பூரா பச்சையாத் தெரியுது, வயல், ரோடு, ரோமுக்குப் போற ட்ரெயின். காத்து ரொம்ப பலமா அடிச்சுது. யாரோ வெச்ச பூங்கொத்து கவுந்து கிடந்துச்சு, அக்கா அத எடுத்து நிமித்தி, பறக்காம இருக்க பக்கத்துல ஒரு கல்ல வெச்சா.

கார திருப்பிக் குடுத்துட்டு ஸ்டேஷன்ல உக்காந்திருக்கும்போது அக்கா பாண்டிச்சேரிக்கு பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப் கால் போட்டா. ஸ்பீக்கர்ல. எப்படி இருக்கீங்க, வெயில் எப்படி, மாத்திரை போட்டீங்களான்னு எல்லாம் கேட்டுட்டு, அப்புறம் அக்கா கேட்டா, நான் எதிர்பாக்கவே இல்ல, "பெரிம்மா, பெரியப்பா அல்ஜீரியாவுல என்ன பாத்தார்னு உங்ககிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்காரா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கால் கட் ஆயிடுச்சோன்னு நான் போன எடுத்துப் பாத்தேன், நொடி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பின்னால ஃபேன் சுத்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பெரியம்மா சொன்னாங்க, "நீ ஊருக்கு வா. உன் தங்கச்சிக்கும் லீவு கிடைச்சா அவளையும் கூட்டிட்டு வா. போன்ல வேணாம்."

டிசம்பருக்கு டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கேன்.